பெங்களூரில் போலீஸ், கோர்ட் ஆவணங்கள்: எந்த நகலை யாரிடம், எப்போது கேட்பது?

போலீஸ் ஆவணங்களைப் பற்றி பெங்களூரு தமிழர்களிடையே இரண்டு எண்ணங்கள் உலவுகின்றன. ஆர்.டி.ஐ. (தகவல் உரிமைச் சட்டம்) மனு போட்டால் எந்தக் காகிதமும் கைக்கு வந்துவிடும் என்பது ஒன்று. ஸ்டேஷனில் நமக்கெல்லாம் ஒரு காகிதமும் தரமாட்டார்கள், வக்கீல் வைத்தால்தான் நடக்கும் என்பது இன்னொன்று. முதலாவதை நம்பியவர் ஒரு மாதம் காத்திருந்து மறுப்புக் கடிதம் வாங்குகிறார். இரண்டாவதை நம்பியவர், சட்டப்படி இலவசமாகக் கிடைக்க வேண்டிய நகலுக்கு இடைத்தரகரிடம் பணம் கொடுக்கிறார். இரண்டுமே வீண் இழப்பு.

ஒரு வழக்கின் காகிதங்கள் ஓரிடத்தில் தங்குவதில்லை. முதலில் ஸ்டேஷனில் இருக்கும், பிறகு மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போகும், தீர்ப்பு வந்தபின் ஆவண அறைக்குப் போகும். ஒவ்வொரு இடத்துக்கும் தனிச் சட்டம், தனி விண்ணப்பம், தனிக் கெடு. ஆகவே எந்த மனுவும் எழுதும் முன் இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும்: அந்தக் காகிதம் இன்று யார் கையில் இருக்கிறது? அந்த வழக்கில் நான் யார் - புகார் கொடுத்தவரா, பாதிக்கப்பட்டவரா, குற்றம் சாட்டப்பட்டவரா, வெளியாளா? மறுக்கப்படும் மனுக்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றைத் தவறவிட்டவை.

முதலில் காகிதங்களின் பெயர்கள்

தமிழ்நாட்டில் புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள். அந்தப் பழக்கத்தில் பெங்களூரு ஸ்டேஷனில் போய் "சி.எஸ்.ஆர். காப்பி கொடுங்க" என்று கேட்டால் எதைக் கேட்கிறோம் என்று எதிரில் இருப்பவருக்குப் புரியாது. இங்கே புழங்கும் பெயர்கள் வேறு.

1. ஹிம்பரஹ: உங்கள் மனுவைப் பெற்றுக்கொண்டோம், அல்லது அதன் மீது இன்ன முடிவு எடுத்தோம் என்று ஸ்டேஷன் எழுதித் தரும் குறிப்பு. ஆங்கிலத்தில் எண்டார்ஸ்மெண்ட் என்பார்கள். இது எஃப்.ஐ.ஆர். ஆகாது.

2. என்.சி.ஆர்.: மாஜிஸ்திரேட்டின் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத சிறு குற்றங்களுக்கான பதிவு. வாய்த்தகராறு, சின்ன அடிதடி போன்றவை இதில் வரும். கையில் என்.சி.ஆர். எண்ணை வைத்துக்கொண்டு கேஸ் போட்டாகிவிட்டது என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஏராளம். விசாரணை தொடங்கியிருக்காது.

3. எஃப்.ஐ.ஆர்.: கன்னடத்தில் பிரதம வர்த்தமான வரதி. விசாரணை சட்டப்படி தொடங்கிவிட்டது என்பதற்கு அடையாளம்.

4. மஹஜர்: சம்பவ இடத்திலோ, பொருளைக் கைப்பற்றும்போதோ சாட்சிகள் முன்னிலையில் எழுதப்படும் பதிவு.

5. தோஷாரோபண பட்டி: குற்றப்பத்திரிகை. விசாரணை முடிந்து கோர்ட்டில் தாக்கலாவது.

6. பி ரிப்போர்ட், சி ரிப்போர்ட்: குற்றப்பத்திரிகைக்குப் பதிலாக வழக்கை மூடும் அறிக்கைகள். பொய்ப் புகார் அல்லது குற்றமே நடக்கவில்லை என்றால் பி, குற்றவாளி யாரென்று கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் சி.

7. கேஸ் டைரி: விசாரணை அதிகாரி நாள்தோறும் எழுதுவது. இதைக் கேட்டுப் பெறும் உரிமை குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கிடையாது. கோர்ட் தன் உதவிக்கு வாங்கிப் பார்த்துக்கொள்ளலாம். இதைக் கேட்டு அலைய வேண்டாம்.

ஸ்டேஷனில் கேட்க வேண்டியது

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதன் 173-வது பிரிவு, எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார் கொடுத்தவருக்கு மட்டுமன்றி பாதிக்கப்பட்டவருக்கும் உடனடியாக, கட்டணமின்றித் தர வேண்டும் என்கிறது. பழைய சட்டத்தில் பாதிக்கப்பட்டவர் என்ற சொல் இந்த இடத்தில் இல்லை. அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடக்க, தம்பி புகார் கொடுத்திருந்தால், இன்று அண்ணனும் தன் பெயரில் நகல் கேட்கலாம். "ஜெராக்ஸ் செலவு" என்று யாராவது பணம் கேட்டால், இலவசம் என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது என்பதை மரியாதையாகச் சொல்லுங்கள்.

குற்றம் சாட்டப்பட்டவருக்கும் வழி இருக்கிறது. 2016 செப்டம்பர் 7 அன்று யூத் பார் அசோசியேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த உத்தரவுப்படி, அவரோ அவர் சார்பில் ஒருவரோ போலீஸிடம் விண்ணப்பித்தால் 24 மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும். எஃப்.ஐ.ஆர். மாஜிஸ்திரேட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் கோர்ட்டிலும் கேட்கலாம். அங்கே இரண்டு வேலை நாள் கெடு. அதே உத்தரவு, எஃப்.ஐ.ஆர்.களைப் பதிவான 24 மணி நேரத்துக்குள் போலீஸ் இணையதளத்தில் ஏற்றவும் சொல்கிறது. இணைய வசதி மோசமான இடங்களில் 72 மணி நேரம் வரை போகலாம். பாலியல் குற்றங்கள், போக்சோ வழக்குகள், தீவிரவாத வழக்குகள் போன்றவை ஏற்றப்படுவதில்லை. கர்நாடக போலீஸின் இணையதளத்தில் ஸ்டேஷன், எண், ஆண்டு கொடுத்துத் தேடலாம். வெளியாளுக்கு எஃப்.ஐ.ஆர். பார்க்க இருப்பதிலேயே சுலபமான வழி இதுதான்.

பெங்களூரில் அடிக்கடி நடக்கும் ஒரு குழப்பத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். இங்கே சட்டம் ஒழுங்கு ஸ்டேஷன் வேறு, டிராஃபிக் ஸ்டேஷன் வேறு. அல்சூரில் விபத்து நடந்தால் வழக்கு அல்சூர் டிராஃபிக் ஸ்டேஷனில்தான் இருக்கும். அல்சூர் ஸ்டேஷனில் கேட்டால் "எங்ககிட்ட இல்ல" என்ற பதில்தான் வரும். அது பொய்யும் அல்ல. ஆன்லைன் பண மோசடி என்றால் சைபர், பொருளாதார, போதைப்பொருள் குற்றங்களுக்கென இருக்கும் சி.இ.என். ஸ்டேஷனிலும் விசாரிக்க வேண்டியிருக்கலாம்.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து தினமும் வேலைக்கு வந்து போகிறவர்களுக்கு ஜீரோ எஃப்.ஐ.ஆர். முக்கியம். பெங்களூரில் நடந்ததற்கு ஓசூரில் புகார் கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது இப்போது எழுதப்பட்ட சட்டம். ஆனால் அந்த வழக்கு பெங்களூரு ஸ்டேஷனுக்கு மாறும்போது புது எண் பெறும். பழைய ஓசூர் எண்ணை வைத்துக் கர்நாடக இணையதளத்தில் தேடினால் ஒன்றும் வராது. மாற்றிய தேதியையும் புது எண்ணையும் ஓசூரிலேயே எழுதி வாங்குங்கள்.

எஃப்.ஐ.ஆரே போட மறுத்தால்? 2013-ல் லலிதா குமாரி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம் என்று தகவலிலேயே தெரிந்தால் பதிவு கட்டாயம் என்று தீர்ப்பளித்தது. புதிய சட்டம் ஒரு விலக்கு சேர்த்திருக்கிறது: மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், மேலதிகாரி அனுமதியுடன் 14 நாளில் முதற்கட்ட விசாரணை நடத்தலாம். அந்தக் கெடுவும் கடந்துவிட்டால் புகாரை எழுத்தில் டி.சி.பி. (துணை போலீஸ் கமிஷனர்) அலுவலகத்துக்கு அனுப்புங்கள், அங்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பதிவுத் தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள், கோர்ட் முதலில் கேட்பது அதைத்தான்.

கன்னடத்தில் இருக்கும் எஃப்.ஐ.ஆரைப் படிப்பது

நகல் கைக்கு வந்ததும் கன்னடம் தெரியாது என்று மடித்து வைத்துவிடுகிறோம். படிவம் நாடு முழுக்க ஏறக்குறைய ஒரே அமைப்பு. கட்டங்களின் வரிசையை வைத்தே பாதி விஷயம் பிடிபடும். எண்களும் தேதிகளும் பெரும்பாலும் நமக்குத் தெரிந்த எழுத்தில்தான் இருக்கும்.

முதல் கட்டத்தில் ஸ்டேஷன், எண், ஆண்டு, தேதி. இந்த நான்கும்தான் வழக்கின் முகவரி. இரண்டாவதில் சட்டப் பிரிவுகள். மூன்றாவதை நிதானமாகப் பாருங்கள்: சம்பவம் நடந்த நாளும் நேரமும் ஓரிடத்தில், ஸ்டேஷனுக்குத் தகவல் வந்த நாளும் நேரமும் இன்னோரிடத்தில், பொது டைரியின் பதிவு எண் அதற்குக் கீழே. புகார் தர ஏன் தாமதமாயிற்று என்பதற்கும் ஒரு கட்டம் உண்டு. நீங்கள் மூன்று நாள் தொடர்ந்து ஸ்டேஷனுக்கு நடந்தும் பதிவு செய்யாமல் நான்காம் நாள் பதிந்திருந்தால், இந்தக் கட்டத்தில் "தாமதம் இல்லை" என்றோ, புகார்தாரரே தாமதமாக வந்தார் என்றோ எழுதியிருக்கக் கூடும். பின்னால் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கைவைக்கும் இடம் இது. தவறு இருந்தால் அன்றே எழுத்தில் ஆட்சேபம் கொடுத்து ஹிம்பரஹ வாங்குங்கள்.

இன்னொரு கட்டம் புகாரின் சாரம். இதை மட்டுமாவது கன்னடம் படிக்கத் தெரிந்த ஒருவரை வைத்து வரிவரியாகக் கேளுங்கள், கையெழுத்துப் போடும் முன்பே. நீங்கள் தமிழில் சொன்னதைக் காவலர் கன்னடத்தில் எழுதும்போது "தள்ளினான்" என்பது "தாக்கினான்" ஆகலாம். இரண்டுக்கும் பிரிவு வேறு, தண்டனை வேறு. கடைசிப் பகுதியில் எஃப்.ஐ.ஆர். கோர்ட்டுக்கு அனுப்பப்பட்ட தேதியும் நேரமும் இருக்கும். அடுத்து எங்கே போக வேண்டும் என்பதற்கு அதுவே துப்பு.

விசாரணை நடக்கும் காலம்

நகல் கேட்பவருக்கு மிகக் கடினமான காலம் இது. சாட்சிகளின் வாக்குமூலம், தடயவியல் அறிக்கை எல்லாம் போலீஸ் கையில் இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(எச்) பிரிவு, விசாரணைக்கோ கைதுக்கோ வழக்கு நடத்துவதற்கோ இடையூறாகும் தகவலை மறுக்க அனுமதிக்கிறது.

ஆனால் "விசாரணை நடக்கிறது" என்ற ஒற்றை வரி போதாது. 2007 டிசம்பரில் பகத் சிங் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: விசாரணை ஒன்று இருக்கிறது என்பதே மறுப்புக்குக் காரணம் ஆகாது, இந்தத் தகவலைக் கொடுத்தால் அது எப்படிக் கெடும் என்று அதிகாரி விளக்க வேண்டும். மறுப்புக் கடிதத்தில் அந்த விளக்கம் இல்லையென்றால் மேல்முறையீட்டுக்கு வலுவான காரணம் உங்களிடம் இருக்கிறது.

இதைவிட நேரான வழி இப்போது உண்டு. புதிய சட்டத்தின் 193-வது பிரிவுப்படி, விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ போலீஸே தெரிவிக்க வேண்டும். மின்னணு வழியாகவும் தெரிவிக்கலாம். தொண்ணூறு நாளை எண்ணிக்கொண்டிருந்து, அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு விசாரணை அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும். கட்டணமும் படிவமும் இல்லை.

கோர்ட்டுக்குப் போன பிறகு

குற்றப்பத்திரிகை தாக்கலானதும் ஆவணங்களுக்கு உடைமைக்காரர் மாறிவிடுகிறார். நிருபதுங்கா சாலை மாஜிஸ்திரேட் வளாகமா, மேயோ ஹாலா, கே.ஜி. சாலையிலுள்ள சிட்டி சிவில் கோர்ட் வளாகமா என்பது வழக்கைப் பொறுத்தது. அதை அறிய கோர்ட்டுகளின் இணையதளமான இகோர்ட்ஸ் தளத்தில் எஃப்.ஐ.ஆர். எண்ணையும் ஸ்டேஷனையும் கொடுத்துத் தேடுங்கள். பதினாறு இலக்க சி.என்.ஆர். எண் கிடைக்கும், ஊர் மாறினாலும் வக்கீல் மாறினாலும் அந்த வழக்கைக் கண்டுபிடிக்க அது ஒன்றே போதும். அங்கே இறக்கிக்கொள்ளும் உத்தரவுகள் தகவலுக்கு உதவும்; சான்றிட்ட நகலுக்கு ஈடாகாது.

யாருக்கு என்ன கிடைக்கும் என்பது இங்கே இன்னும் கறாராகப் பிரிகிறது.

1. குற்றம் சாட்டப்பட்டவருக்கு, அவர் கோர்ட்டில் ஆஜரான 14 நாளுக்குள் குற்றப்பத்திரிகை, எஃப்.ஐ.ஆர்., சாட்சி வாக்குமூலங்கள் இலவசமாகத் தரப்பட வேண்டும் (புதிய சட்டத்தின் பிரிவு 230). வக்கீல் வைத்திருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் அதே உரிமையை இந்தச் சட்டம் தந்திருக்கிறது. வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணையத்தை அணுகலாம், 15100 எண்ணில் அழைக்கலாம். பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், தொழிலாளர், காவலில் இருப்பவர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு.

2. புகார்தாரருக்கு, போலீஸ் வழக்கை மூட நினைத்தால் கோர்ட் நோட்டீஸ் தர வேண்டும். 1985-ல் பகவந்த் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதி இது. மொபைல் திருட்டு, பைக் திருட்டு வழக்குகள் பல சி ரிப்போர்ட்டில் முடிகின்றன. வாடகை வீடு மாறியதால் நோட்டீஸ் பழைய முகவரிக்குப் போய்த் திரும்பிவிடுகிறது. முகவரி மாறினால் ஸ்டேஷனில் எழுதிக் கொடுங்கள். அறிக்கையின் நகலை வாங்கிப் படித்து, ஏற்க முடியாவிட்டால் ஆட்சேப மனு போடலாம்.

3. வெளியாளுக்குக் குற்றப்பத்திரிகை சுலபத்தில் கிடைக்காது. 2023 ஜனவரி 20 அன்று சௌரவ் தாஸ் வழக்கில், குற்றப்பத்திரிகை பொது ஆவணம் அல்ல, அதை இணையத்தில் ஏற்ற உத்தரவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. எஃப்.ஐ.ஆர். இணையத்தில் இருக்கும்போது குற்றப்பத்திரிகை ஏன் இல்லை என்ற கேள்விக்கு விடை இதுதான். சாட்சிகளின் பெயரும் வாக்குமூலமும் அடங்கிய காகிதம் அது என்பதால் எனக்கு இந்த வேறுபாடு நியாயமாகவே படுகிறது.

கோர்ட் கோப்பின் நகலை ஆர்.டி.ஐ. மூலம் கேட்க முடியுமா? இந்தக் கேள்வி பெங்களூரிலிருந்தே உச்ச நீதிமன்றம் வரை போனது. கர்நாடக உயர் நீதிமன்ற விதிகளின்படி விண்ணப்பித்தால் கிடைக்கும் நகலை ஆர்.டி.ஐ. வழியாகக் கொடுக்கச் சொன்ன தகவல் ஆணையத்தின் மனு 2013-ல் தள்ளுபடியானது. 2020 மார்ச் 4 அன்று குஜராத் உயர் நீதிமன்ற வழக்கில் இது இன்னும் திடமாயிற்று: கோர்ட்டுக்கென நகல் தரும் விதிகள் இருக்கும்போது அவற்றின் வழியே மட்டுமே கேட்க வேண்டும், வெளியாள் என்றால் ஏன் வேண்டும் என்று காரணமும் சொல்ல வேண்டும். ஆகவே கோர்ட்டின் நகல் பிரிவில்தான் விண்ணப்பிக்க வேண்டும். வழக்கு எண், எந்த ஆவணம், அதன் தேதி ஆகிய மூன்றையும் சரியாக எழுதுங்கள். "எல்லாக் காகிதமும்" என்று எழுதினால் விண்ணப்பம் திரும்பும்.

நகல் வந்ததும் அதில் உள்ள தேதி முத்திரைகளைப் பாருங்கள்: விண்ணப்பித்த நாள், நகல் தயாரான நாள், கொடுத்த நாள். அலுவலக வழக்கம் என்று அவற்றை ஒதுக்கிவிடாதீர்கள். காலவரம்புச் சட்டத்தின் 12-வது பிரிவு, நகல் பெறுவதற்குத் தேவைப்பட்ட நாட்களை மேல்முறையீட்டுக் கெடுவிலிருந்து கழிக்கச் சொல்கிறது. அந்தக் கணக்கு இந்த முத்திரையிலிருந்துதான் போடப்படும். நகல் தயாரான பின்பும் வாங்கப் போகாமல் இருந்த நாட்கள் கழிக்கப்படாது.

ஆர்.டி.ஐ. எங்கே செல்லும்

போலீஸ் அலுவலகத்தின் நடவடிக்கையை அறிய இது நல்ல கருவி. ஆனால் இருக்கும் ஆவணத்தைத்தான் கேட்கலாம்; ஆவணத்தில் இல்லாத கருத்தையோ விளக்கத்தையோ உருவாக்கித் தர வேண்டியதில்லை என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "என் புகார் மீது ஏன் நடவடிக்கை இல்லை?" என்று கேட்டால் பதில் வராது. இப்படிக் கேளுங்கள்: "இன்ன தேதியில் நான் கொடுத்த, இன்ன பதிவு எண் கொண்ட மனு எந்தெந்தத் தேதியில் எந்தப் பதவியில் உள்ள அதிகாரியிடம் அனுப்பப்பட்டது என்பதைக் காட்டும் பதிவேட்டுப் பக்கத்தின் நகலும், அதன் மீது எழுதப்பட்ட குறிப்புகளின் நகலும் வேண்டும்."

கர்நாடக விதிப்படி ஒரு மனு ஒரே விஷயத்தைப் பற்றி, சாதாரணமாக 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும். கட்டணம் 10 ரூபாய். மொழி கன்னடமாகவோ ஆங்கிலமாகவோ இந்தியாகவோ இருக்கலாம். தமிழ் மனு செல்லாது. எழுத முடியாதவர் வாய்மொழியாகச் சொன்னால் அதை எழுத்தில் கொண்டுவர அதிகாரி உதவ வேண்டும் என்று 6-வது பிரிவு சொல்கிறது. தவறான அலுவலகத்துக்கு அனுப்பினால் ஐந்து நாளில் உரிய இடத்துக்கு மாற்றிவிட வேண்டும். பதிலுக்குக் கெடு 30 நாள். உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டதானால் 48 மணி நேரம். வீட்டில் ஒருவரைப் போலீஸ் அழைத்துப் போய் எங்கே என்று தெரியாத நிலையில் இந்த வரி பயன்படலாம். முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள், தகவல் ஆணையத்துக்கு 90 நாள். காரணமின்றித் தாமதித்த அதிகாரிக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை ஆணையம் அபராதம் போடலாம்.

ஒரு மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தியது. திருத்தம் 2025 நவம்பரில் அமலுக்கு வந்தது. முன்பு தனிநபர் தகவலைப் பொதுநலன் கருதித் தரலாம் என்ற வாசகம் அந்தப் பிரிவுக்குள்ளேயே இருந்தது. இப்போது "தனிநபர் தகவல்" என்றாலே மறுக்க இடமிருக்கிறது. மறுப்பதற்கு வசதியான சொல்லை அதிகாரி கையில் கொடுத்திருக்கிறது இந்தத் திருத்தம். தகவல் உரிமைக்கு இது பின்னடைவு என்றே கருதுகிறேன். இருந்தாலும் 8(2) பிரிவு இன்னும் நிற்கிறது: தீங்கைவிடப் பொதுநலன் பெரிதானால் தகவலைத் தரலாம். பெயர் கேட்காமல் பதவி கேட்பது, தேவையானால் 8(2)-ஐ மனுவிலேயே குறிப்பிடுவது, தர முடியாத பகுதியை மறைத்து மீதியை 10-வது பிரிவின்படி தரக் கோருவது ஆகிய மூன்றும் இனி வழக்கமாக வேண்டும்.

விபத்து வழக்கில் நாட்கணக்கு

டெலிவரி வேலையிலும் கட்டட வேலையிலும் இருக்கும் நம் பிள்ளைகளின் குடும்பங்கள் அதிகம் தேடி அலைவது விபத்துக் காகிதங்களைத்தான். 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள விதிகளில் போலீஸுக்கே கெடு இருக்கிறது: முதல் விபத்து அறிக்கை 48 மணி நேரத்தில், இடைக்கால அறிக்கை 50 நாளில், விரிவான அறிக்கை 90 நாளில் விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். மறுபுறம், நஷ்டஈட்டு மனுவை விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்ற வரம்பும் அன்றே அமலுக்கு வந்தது. ஊருக்குப் போய்க் காரியம் முடித்துத் திரும்புவதற்குள் இரண்டு மாதம் ஓடிவிடும். எஃப்.ஐ.ஆர்., மஹஜர், வாகன ஆய்வாளர் அறிக்கை, காயச் சான்று அல்லது பிரேதப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றின் பெயரைத் தனித்தனியாக எழுதி டிராஃபிக் ஸ்டேஷனில் ஒரே விண்ணப்பமாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.

அழிந்துபோகும் ஆவணம்

ஸ்டேஷனுக்குள் அடித்தார்கள், மனுவை வாங்க மறுத்தார்கள் என்பது புகார் என்றால் சாட்சி சுவரில் இருக்கும் கேமராதான். 2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் எல்லா ஸ்டேஷன்களிலும் கேமரா வைத்துப் பதிவை 18 மாதம் காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கருவியின் கொள்ளளவு குறைவானாலும் ஓராண்டுக்குக் கீழே போகக் கூடாது. காகிதத்தைப் பிறகும் தேடி எடுக்கலாம், காட்சிப் பதிவின் மேல் அடுத்த பதிவு ஏறிவிடும். எனவே நகல் கேட்பதற்கு முன்பே, இன்ன நாள், இன்ன மணி முதல் இன்ன மணி வரையிலான பதிவை அழிக்காமல் வைக்கும்படி டி.சி.பி. அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுத்துவிடுங்கள். நகலுக்கான மனுவை அடுத்த நாள் எழுதலாம்.